இனிப்பு நீருக்கு நிலவேம்பைத் தினமும் சாப்பிடலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்கும் புரியும்படி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு வயது 62. பத்து வருடமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய். கிளினிக்கில் அதற்கு மெட்ஃபோர்மின், கிளிக்ளசைட், ரத்தக் கொதிப்புக்கு அம்லோடிப்பின் கொடுக்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒரு செடியைத் தொட்டியோடு கொண்டுவந்து கொடுத்து, "இது நிலவேம்பு, மலாய்க்காரங்க ஹெம்பெடு பூமின்னு சொல்லுவாங்க, காலையில வெறும் வயித்துல ஏழு இலை மென்னு சாப்பிட்டா சர்க்கரை இறங்கிடும்" என்று சொல்லியிருக்கிறார். அம்மா ஒரு மாதமாகச் சாப்பிடுகிறார். இரண்டு வாரமாகக் காலை பத்து மணி வாக்கில் தலை சுற்றுகிறது, வியர்க்கிறது. இது சரியான செடிதானா, தொடரலாமா, மாத்திரையைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செடியைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் அந்தத் தலைச்சுற்றல். கிளிக்ளசைட் சாப்பிடுகிறவருக்கு வியர்த்து, கை நடுங்கி, தலை சுற்றினால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிட்டது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். அடுத்த தடவை அப்படி வந்தால் உடனே விரலில் குத்திப் பாருங்கள். 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை கொடுங்கள். ஏறிய பிறகு ரொட்டியோ சோறோ சாப்பிடட்டும். வீட்டில் கருவி இல்லை என்றால் யோசித்துக்கொண்டு நிற்காமல் சீனித் தண்ணீரைக் கொடுத்துவிடுங்கள். நினைவு தப்பிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், அவசர உதவிக்கு 999-ஐக் கூப்பிடுங்கள்.

இலையை இன்றே நிறுத்துங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்க வேண்டாம். ஆனால் அடுத்த கிளினிக் தேதி வரைக்கும் காத்திருக்கவும் வேண்டாம். நாளைக் காலையிலேயே போய், இப்படி வியர்க்கிறது, இந்த இலையைச் சாப்பிட்டார் என்று இரண்டையும் சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, நேரத்தை மாற்றுவதா என்பதை டாக்டர் பார்த்துச் சொல்வார். அம்மாவிடம் இன்னொன்றும் கேட்டுப் பாருங்கள்: காலையில் பசியாறுகிறாரா? மாத்திரையைப் போட்டுக்கொண்டு பதினோரு மணி வரை வெறும் தேநீரோடு இருக்கிறாரா? சனிக்கிழமை விரதம் உண்டா? இலையே இல்லாமல்கூட இதனால் மட்டும் சர்க்கரை விழும். சிறுநீரகம் தளர்ந்துகொண்டு வந்தாலும் விழும். அதனால் முழுப் பழியையும் அந்தச் செடி மேல் நான் போடவில்லை. ஆனால் மூன்று காரணம் சேர்ந்திருக்கும் இடத்தில், நம் கையால் எடுத்துப் போடக்கூடிய ஒன்றை முதலில் எடுத்துப் போடுவதுதான் சரி.

நான் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்காரி. அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசராக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்தவர். நான் அரசாங்கக் கிளினிக்கில் மருந்து கொடுக்கும் சன்னலுக்குப் பின்னால் 31 வருடம் நின்று ஓய்வு பெற்றவள். வீட்டுக்குப் பின்னால் இன்றைக்கும் நிலவேம்பு வளர்க்கிறேன். இந்த இரண்டு பக்கத்தையும் அறிந்தவள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, செடி. உங்கள் தொட்டியில் இருப்பது நிலவேம்பா என்று பார்க்கப் பூ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. தண்டை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். நிலவேம்பின் தண்டு உருண்டு ஓடாது. நான்கு பட்டையாக இருக்கும், விரலில் நான்கு விளிம்பும் தட்டுப்படும். இலைகள் எதிரெதிராக ஜோடி ஜோடியாக இருக்கும், மிளகாய் இலை போல் நீண்டு, இரு முனையும் குறுகி, கரும்பச்சையாக, ரோமம் இல்லாமல் வழுவழுப்பாக இருக்கும். கசக்கி முகர்ந்தால் பெரிதாக வாசம் ஒன்றும் வராது. பூ அரிசிப்பொரி அளவுதான். வெள்ளையில் கீழ் உதட்டில் மட்டும் ஊதா நிறத் தீற்றல் இருக்கும். காய் முக்கால் அங்குலம் நீளத்தில் நிமிர்ந்து நிற்கும், காய்ந்ததும் வெடித்து விதையைத் தெறிக்கவிடும். ஒரு தொட்டியில் வைத்தால் அடுத்த வருடம் பக்கத்துத் தொட்டிகளிலும் முளைத்திருப்பதற்கு அதுதான் காரணம். அப்புறம் கசப்பு. வேரிலிருந்து காய் வரை கசக்கும். பறித்த கையைக் கழுவாமல் மாவு பிசைந்தால் தோசையும் கசக்கும், நான் அப்படிச் செய்து ஒரு சட்டி மாவைக் கொட்டியிருக்கிறேன்.

கசப்பு மட்டும் அடையாளம் ஆகாது. நம் ஊரில் இனிப்பு நீருக்கு என்று கொடுக்கப்படும் கசப்பு இலைகள் இன்னும் இரண்டு மூன்று உண்டு. 'பிஸ்மில்லா இலை' என்று தருவது ஆப்பிரிக்காவிலிருந்து வந்த வேறு செடி. ஆளுயரத்துக்கு மேல் புதராக வளரும், இலை அகலம். 'பத்தாவாலி' என்பது கொடி, தண்டெல்லாம் பரு பருவாக முண்டு இருக்கும். நம் ஆட்கள் அதைச் சீந்தில் கொடி என்று நினைத்துக் காய்ச்சிக் குடிக்கிறார்கள். அது சீந்திலுக்கு ஒன்றுவிட்ட சொந்தம்தான், சீந்தில் இல்லை. அதைத் தொடர்ந்து குடித்துக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. பத்தாவாலி குடிக்கிறவர் யாரையாவது தெரிந்தால் தயவுசெய்து அவரிடம் இதைச் சொல்லுங்கள்.

நிலவேம்பின் பெயரிலேயே குழப்பம் உண்டு. தமிழ்நாட்டில் பல ஊர்களில் இதையே சிறியாநங்கை என்பார்கள். வேறு சிலர் சிறியாநங்கை வேறு, பெரியாநங்கைதான் நிலவேம்பு என்பார்கள். வடமொழி நூல்களில் வரும் கிராத திக்தம், வடக்கே சிராய்தா என்று விற்பது, இமயமலைச் சாரலில் வளரும் வேறு குடும்பத்துச் செடி. அதன் குணத்தை எடுத்து இதன் மேல் ஏற்றி எழுதிய குறிப்புகள் கைப்பேசியில் நிறையச் சுற்றுகின்றன. மலாய்ப் பெயர்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஹெம்பெடு என்றால் பித்தப்பை, பூமி என்றால் நிலம்: நிலத்தின் பித்தப்பை. ஒருமுறை மென்று பார்த்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. சீனர்கள் வைத்த பெயருக்கு நெஞ்சைத் துளைக்கும் தாமரை என்று பொருள். மூன்று இனமும் ஒரே செடியை ஒரே காரணத்துக்காக வீட்டுப் பக்கம் வைத்திருக்கிறோம்.

அந்தக் காரணம் காய்ச்சல். இனிப்பு நீர் இல்லை. நான் சொல்ல வந்த விஷயமே இதுதான்.

எங்கள் ஆயா (பாட்டி) காலத்துத் தோட்டம் காய்ச்சல் தோட்டம். காட்டை அழித்து ரப்பர் நட்டபோது மலைச்சரிவில் நிழலில் ஓடிய ஓடைகளில் வெயில் விழுந்தது. அந்தத் தெளிந்த ஓடை நீரில் முட்டையிடும் கொசு பெருகியது, கூடவே மலேரியாவும் பெருகியது. 1901-ல் கிள்ளானுக்கு அரசாங்க மருத்துவராக வந்த மால்கம் வாட்சன் சதுப்பை வடித்துக் காய்ச்சலைக் குறைத்துக் காட்டினார். அங்கே பலித்த வழி மலைத் தோட்டங்களில் அப்படியே பலிக்கவில்லை. ஓடைத் தண்ணீரை நிலத்துக்கடியில் குழாய் போட்டுக் கொண்டுபோகவும் எண்ணெய் தெளிக்கவும் வேண்டியிருந்தது. அதற்குள் எத்தனையோ தொழிலாளர்கள் லயம் என்ற வரிசை வீட்டிலேயே செத்துப்போனார்கள். காலையில் பிரட்டுக் களத்தில் ஆளை எண்ணும்போதே கொயினா என்ற மலேரியா மருந்தை வாயில் ஊற்றிவிட்டுத்தான் ரப்பர் பால்வெட்டுக்கு அனுப்புவார்கள் என்று ஆயா சொல்வார். அதுவும் கசப்பு, நிலவேம்பும் கசப்பு. காய்ச்சல் கசப்புக்குத்தான் அடங்கும் என்ற நம்பிக்கை அந்த மண்ணில் அப்படி ஊறிப்போனது.

ஆயா செய்கிற முறை இன்னும் கண்ணில் நிற்கிறது. பூ விடத் தொடங்கிய செடியை வேரோடு பிடுங்கி, மண் போக அலசி, அடுப்படி உத்தரத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவார். வெயில் படக் கூடாது. யாருக்காவது உடம்பு சுட்டால் ஒரு கைப்பிடி ஒடித்து, சுக்கு, மிளகு தட்டிப் போட்டு, பால் டின்னில் நாலு டின் தண்ணீர் ஊற்றி ஒரு டின்னாக வற்றும்வரை அடுப்பில் வைப்பார். மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தால் ஒரு வில்லை கருப்பட்டி கிடைக்கும். மூன்று நாள் காலை. நாலாவது நாள் கேட்டாலும் கொடுக்கமாட்டார். "மூணு நாளுக்கு அடங்கலன்னா டிரெசரப் போய்ப் பாரு" என்பார். அந்த டிரெசர் அவருடைய மருமகன், என் அப்பா. அப்பா ஒருநாளும் அந்தக் கஷாயத்தைத் தடுத்ததில்லை, ஆயாவும் ஒருநாளும் அப்பாவின் மருந்தை மறுத்ததில்லை.

சித்த மருத்துவம் சொல்வதும் இதற்கு ஒத்துத்தான் போகிறது. நிலவேம்புக் குடிநீர் என்பது தனி நிலவேம்பு இல்லை. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என்று ஒன்பதும் சம எடை. அது சுரத்துக்கு எழுதப்பட்ட மருந்து. தமிழ்நாட்டில் சிக்குன்குனியா, டெங்கு பரவிய வருடங்களில் அரசாங்கமே அதை மக்களுக்குக் கொடுத்தது. ஒன்பதில் ஒரு பங்காக இருந்த இலையைத் தனியே பிரித்து, காய்ச்சாமல், வெறும் வயிற்றில், கணக்கில்லாத நாளுக்கு மென்று சாப்பிடுவது பாட்டி வைத்தியமும் இல்லை, சித்த வைத்தியமும் இல்லை. அது நம் காலத்தில் நாமே உண்டாக்கிய பழக்கம்.

எப்படி உண்டானது என்பதும் எனக்குப் புரியாமல் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை (எண்ணெய்ப் பனை) வந்தது, லயத்தை விட்டு ஜனங்கள் ஊருக்குள் தரை வீடுகளுக்கு வந்தார்கள். நாளுக்கு முந்நூறு மரம் வெட்டி, மலை ஏறி இறங்கிய உடம்பு தொழிற்சாலையில் நின்ற இடத்தில் நிற்கத் தொடங்கியது. சோறு குறையவில்லை, தேநீரில் கெட்டிப்பாலும் குறையவில்லை. மலேரியா போய்விட்டது. 2018-லிருந்து பல வருடம் தொடர்ந்து, மனிதரிடமிருந்து கொசு வழியாக மனிதருக்குத் தொற்றும் உள்ளூர் மலேரியா இந்த நாட்டில் பதிவாகவில்லை, குரங்கிடமிருந்து வருகிற வகைதான் இன்னும் இருக்கிறது. அது போன இடத்தில் இனிப்பு நீர் வந்து உட்கார்ந்துகொண்டது. சுகாதார அமைச்சின் 2019-ஆம் ஆண்டு ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். நம் இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. பயம் வருகிற இடத்தில் கைக்கு எட்டுகிற பழைய மருந்தைத்தானே மனிதர் தேடுவார்? கசப்பு இனிப்பை முறிக்கும் என்று யாரோ சொன்னதும் மனசு உடனே பிடித்துக்கொள்கிறது.

நாக்கில் முறிக்கும். ரத்தத்தில் நடப்பது வேறு கணக்கு. கல்லீரல் தேவையில்லாமல் சர்க்கரையை அவிழ்த்துவிடுகிறது, தசை இன்சுலின் பேச்சைக் கேட்க மறுக்கிறது. அந்த இடத்தில் வேலை செய்கிற பொருள் கசந்தாலும் சரி, கசக்காவிட்டாலும் சரி. மெட்ஃபோர்மினைக் கெமிக்கல் என்று ஒதுக்கிவிட்டு இலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசை. அந்த மாத்திரையின் பூர்வீகமும் ஒரு செடிதான். ஐரோப்பாவில் கலேகா என்ற செடியை வெகு காலமாக மருந்தாகக் கொடுத்து வந்தார்கள். அதில் இருந்த பொருளின் வழியில் தேடிப் போய்க் கிடைத்த குடும்பத்தைச் சேர்ந்ததுதான் மெட்ஃபோர்மின், 1957-ல் பிரான்சில் ழான் ஸ்டெர்ன் அதை இனிப்பு நீருக்குக் கொண்டுவந்தார். செடியிலிருந்து மாத்திரைக்கு வருகிற வழியில் நடந்த வேலை என்னவென்றால், எவ்வளவு கொடுத்தால் குணம், எவ்வளவுக்கு மேல் கேடு என்று அளந்து வைத்ததுதான். நிலவேம்பில் இனிப்பு நீருக்கு அந்த அளவை இன்னும் யாரும் நம் கையில் தரவில்லை. எலிகளுக்குக் கொடுத்துச் சர்க்கரை இறங்கியதைக் காட்டியிருக்கிறார்கள். மனிதர்களில் பெரிய அளவில், நம்பி மாத்திரையை விடும் அளவுக்கு, ஆய்வு இல்லை.

அதற்காக நிலவேம்பு சும்மா தழை என்று சொல்லிவிடாதீர்கள். அதன் கசப்புக்குக் காரணமான பொருளை 1911-லேயே கோர்ட்டர் என்பவர் பிரித்தெடுத்தார். ஆண்ட்ரோகிராஃபோலைட் என்று பெயர். சளி, தொண்டைக் கரகரப்பு, இருமலுக்கு இந்தச் செடி ஓரளவு நிவாரணம் தருகிறது என்று மனிதர்களிடம் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்கள், அந்த ஆய்வுகளில் பல தரத்தில் சுமார்தான் என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். தாய்லாந்து இதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வைத்திருக்கிறது. கொரோனா சமயத்தில் லேசான நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். எப்படிக் கொடுத்தார்கள் என்று கவனியுங்கள்: அந்தக் கசப்புப் பொருள் நாளுக்கு 180 மில்லிகிராம் என்று அளந்து, மூன்று வேளையாகப் பிரித்து, ஐந்து நாள். பலன் பற்றிய முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆனால் அளவும் நாள் கணக்கும் இருந்தது. ஆயாவின் மூன்று நாளும் தாய்லாந்தின் ஐந்து நாளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு ஆயா மேல் இன்னும் மரியாதை கூடுகிறது.

வேலை செய்கிற பொருள் என்பதால்தான் மாத்திரையோடு மோதும். ஆய்வுக்கூடத்தில் இது, ரத்தம் உறைய உதவும் ரத்தத் தட்டுகள் ஒட்டிக்கொள்வதைக் குறைக்கிறது. விலங்குகளில் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் இறக்கியிருக்கிறது. மெட்ஃபோர்மின் தனியாக இருந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு விழுவது அபூர்வம். கிளிக்ளசைட் அப்படியில்லை, அது கணையத்தை நெருக்கி இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே கவலைதான். உங்கள் அம்மா ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். இலை இரண்டையும் இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டால், குளியலறையில் வழுக்கி விழ அந்தக் கொஞ்சம் போதும். வார்ஃபரின், ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்று ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. கர்ப்பிணிகளும் கூடாது, பால் கொடுக்கும் தாய்மார்களும் கூடாது. அறுவைச் சிகிச்சைக்குத் தேதி வாங்கியவர்கள் முன்கூட்டியே நிறுத்திவிட்டு டாக்டரிடமும் சொல்ல வேண்டும். சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வந்து மூச்சு அடைத்ததையும், சிலருக்கு நாக்கில் சுவையே கெட்டுப்போனதையும் வைத்து ஆஸ்திரேலியாவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கை விட்டிருக்கிறது. உதடு வீங்கினாலோ உடம்பில் தடித்தாலோ மறுபடி வாயில் வைக்காதீர்கள்.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டதுபோல் எழுதுகிறேன். ஆனால் எனக்கு உறைத்தது என் சின்னம்மா மூலமாகத்தான். அவர் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டியவர். ஊருக்குள் வந்த பிறகு இனிப்பு நீர் கண்டது. ஒருநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது சமையல் மேசையில் எவர்சில்வர் தம்ளரில் நிலவேம்பு இலை ஊறிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். தண்ணீர் லேசாகப் பச்சை கட்டியிருந்தது. தினமும் குடிக்கிறேன் என்றார். நம் பாட்டி மருந்துதானே, என்ன செய்துவிடும் என்று நான் ஒன்றும் கேட்கவில்லை. மாத்திரை போடுகிறீர்களா என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும். அது என் தொழில். கேட்கவில்லை.

நாலு மாதம் கழித்துச் செருப்பு கடித்த சுண்டுவிரல் புண் கறுத்துப்போய் ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். விரலை எடுக்க வேண்டி வந்தது. அவருடைய கிளினிக் புத்தகத்தைப் புரட்டினேன், கடைசி நாலு மாதத்துப் பக்கங்கள் வெறுமையாக இருந்தன. மாத்திரைப் பொட்டலங்கள் பிரிக்காமல் பிஸ்கட் டின்னுக்குள் அடுக்கியிருந்தன. "சர்க்கரை இறங்கிடுச்சுன்னு எப்படிச் சின்னம்மா தெரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேட்டேன். "கக்கூசுல எறும்பு வரல, அதான்" என்றார். சிறுநீரில் சர்க்கரை இருந்தால் எறும்பு மொய்க்கும் என்பது அவர் கணக்கு. எறும்பு வராததற்குப் புதிதாகப் போட்ட பினாயில் காரணம். இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை, நான்தான் அழுதேன். இலை அவர் விரலை எடுக்கவில்லை. இலை இருக்கிறது என்ற தைரியத்தில் விட்டுப்போன மாத்திரையும் பார்க்காமல் விட்ட புண்ணும்தான் எடுத்தன. அதனால்தான் கேட்கிறவர்களிடம் இப்போதெல்லாம் இலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் மாத்திரையைப் பற்றியும் பாதத்தைப் பற்றியும் கேட்கிறேன். தம்பி, இன்று ராத்திரி அம்மாவின் இரண்டு பாதத்தையும், விரல் இடுக்கையும் விளக்கு வைத்துப் பாருங்கள்.

சர்க்கரை உண்மையில் எப்படி இருக்கிறது என்று சொல்லும் பரிசோதனை எச்பிஏ1சி. இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும். ஒருநாள் காலையில் விரலில் குத்திப் பார்த்த எண்ணை வைத்து, இலை கேட்கிறது என்றோ கேட்கவில்லை என்றோ முடிவு கட்ட முடியாது. அம்மாவுக்குக் கடைசியாக எப்போது எடுத்தார்கள், எண் என்ன என்று கேட்டு வாங்குங்கள்.

கேப்சூலாக வாங்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கடையில் வாங்கினால் பெட்டியில் 'மால்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். பாரம்பரிய மருந்து என்றால் எட்டு எண்களுக்குப் பிறகு 'டி' (T) என்ற எழுத்து வரும், ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும். பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் எண் இல்லாத போத்தலை, "மூணு மாசத்துல மாத்திரையே வேணாம்" என்று சொல்லி விற்றால் வாங்காதீர்கள். அந்த மாதிரிப் பொருள்களில் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதை நம் நாட்டு அதிகாரிகள் திரும்பத் திரும்பப் பிடித்திருக்கிறார்கள். மூட்டுவலி சட்டென்று பறந்துபோகும், பசி எடுக்கும், முகம் உப்பும். இனிப்பு நீர்க்காரருக்குச் சர்க்கரை எகிறிவிடும்.

சாலையோரத்திலும் செம்பனைக்குள்ளும் முளைத்திருப்பதைப் பறிக்கவே பறிக்காதீர்கள். பாராகுவாட் 2020 ஜனவரியிலிருந்து தடை, ஆனால் வேறு களைக்கொல்லிகள் அடிக்கத்தான் அடிக்கிறார்கள். மருந்து அடித்த மறுநாள் இலை பச்சையாகத்தான் இருக்கும்.

காய்ச்சலுக்கு எப்படி எடுப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இந்தச் செடிக்கு நான் நியாயம் செய்ததாகாது. சித்த மருத்துவமனைகளில் பெரியவர்களுக்கு வழக்கமாகச் சொல்வது, குடிநீர்ச் சூரணம் 5 கிராமை 240 மில்லி தண்ணீரில் போட்டு 60 மில்லியாக வற்றவைத்து வடிகட்டிக் குடிப்பது. காய்ச்சியதை அன்றைக்கே, சில மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டும், நாளைக்கு என்று எடுத்து வைக்கக் கூடாது. வயிறு புரட்டுகிறவர்கள் சாப்பிட்ட பிறகு குடிக்கலாம். மூன்று நாள், அதிகம் போனால் ஐந்து. மேலே சொன்ன மாத்திரைக்காரர்கள், கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் நீங்கலாக, சளிக் காய்ச்சலுக்கு ஆரோக்கியமான பெரியவர் இப்படிக் குடிப்பதில் எனக்கு மறுப்பில்லை. நானும் குடிக்கிறேன்.

ஆனால் நம் ஊர்க் காய்ச்சல் எல்லாம் சளிக் காய்ச்சல் இல்லை. இரண்டு நாளுக்கு மேல் விடாத காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, எலும்பு முறிவதுபோல் வலி என்றால் டெங்குவாக இருக்கலாம். செம்பனைத் தோட்டத்தில் எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் கால் வைத்தவர்களுக்குக் கெண்டைக்கால் வலியோடு காய்ச்சல் வந்தால் எலிக் காய்ச்சலாக இருக்கலாம். இரண்டுக்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நாள்தான் ஆபத்தான நாள். கஷாயம் கேட்டுவிட்டது என்று அன்றைக்குத்தான் எல்லோரும் நிம்மதியாகிறார்கள். அன்று வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி என்று எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி. ரத்தத் தட்டுகள் குறைகிற நோயில், தட்டுகளின் வேலையைக் குறைக்கக்கூடிய இலையைத் தருவதா என்று கேட்டால், நான் தரமாட்டேன். பானடோல் (பாராசிட்டமால்), தண்ணீர், ஓய்வு போதும்.

கடைசியாகப் பாம்பு. பக்கத்து வீட்டு அக்கா இதையும் சொல்லியிருப்பார்: இந்தச் செடி இருந்தால் பாம்பு வராது, கடித்தால் இலையைக் கொடு, கசக்கவில்லை என்றால் விஷம் ஏறிவிட்டது என்று. தோட்டத்தில் நாங்கள் எல்லோரும் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். இலை கசந்தது, விஷமில்லை என்று ஒரு மணி நேரம் வீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் கொல்லும். நாகம் கடித்தவருக்கு விஷமுறிவு ஊசி வேண்டும், அது ஆஸ்பத்திரியில் இருக்கிறது. கடிபட்ட கையை அசைக்காமல், மோதிரம் வளையலைக் கழற்றிவிட்டு நேராக அங்கே கொண்டுபோங்கள். வாயில் எந்த இலையும் வேண்டாம்.

செடியைத் தூக்கி எறிய வேண்டாம். வெயில் கொஞ்சம் குறைந்த இடத்தில் வையுங்கள், காய் வெடிக்கும் முன் ஒரு துணியைக் கட்டினால் விதை கிடைக்கும். புது விதை சட்டென்று முளைக்காது, ஐந்தாறு மாதம் காயவைத்து எடுத்து விதைத்தால் நன்றாக வரும். அக்காவிடமும் கோபப்பட வேண்டாம், அன்பால்தான் கொடுத்திருக்கிறார். அவரும் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் இதை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

நாளைக்குக் கிளினிக்குப் போகும்போது மாத்திரைப் பொட்டலங்கள் எல்லாவற்றையும், கிளினிக் புத்தகத்தையும், ஒரு கொத்து நிலவேம்பையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். ஹெம்பெடு பூமி என்று சொன்னால் அங்கிருக்கும் பிள்ளைகளுக்குப் புரியும். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.